நெய் மறந்த கூந்தல்

கண்ணகி என்றால் நமக்கு முதலில் கண்ணில் படுவது தலைமுடிதான். மெரினாவில் நிற்கும் சிலையை நினைத்துப் பாருங்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தது. 2001இல் எடுத்தார்கள், 2006இல் திரும்ப வைத்தார்கள். நீட்டிய கை, அதில் சிலம்பு, முதுகில் விரிந்து கிடக்கும் கூந்தல். மேடை நாடகம், சினிமா, புத்தக அட்டை எல்லாவற்றிலும் இதே உருவம்தான். இப்போது இளம் கவிஞர்கள் எழுதும் கவிதைகளிலும் இந்தக் கூந்தல் அடிக்கடி வருகிறது. அங்கே அது விடுதலை. பின்னலை அவிழ்த்தால் போதும், ஒருத்தி கண்ணகி ஆகிவிடுகிறாள்.

எனக்கு இதில் ஒரு தொந்தரவு உண்டு. கூந்தலைக் குறியீடாகவே வாசித்து வாசித்து, அது மயிர் என்பதை நாம் மறந்துபோனோம். அது அழுக்காகும், சிக்காகும், பேன் பிடிக்கும். அதைத் தினமும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இளங்கோவுக்கு இது தெரிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கூந்தல் பராமரிப்பு பற்றிய இடங்களை மட்டும் வரிசையாக எடுத்து வாசித்தால், வழக்குரை காதையின் அந்த விரிந்த குழல் நாம் நினைப்பதைவிட வேறான ஒன்றாகத் தெரிகிறது. அதைத்தான் இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் இடம் மனையறம்படுத்த காதை. கல்யாணமான புதிது. அவளுக்குப் 12 வயது, அவனுக்கு 16. கோவலன் அவளைப் பாராட்டிப் பேசுகிறான். மாசறு பொன், வலம்புரி முத்து என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பகுதி இதில்தான் வரும். ஆனால் அதற்குச் சற்று முன்னால் அவன் கேட்கும் சில கேள்விகளைப் பாடப்புத்தகம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தக் கூந்தலுக்குச் சில பூ போதாதா, மாலை வேறு எதற்கு? அகில் புகை போதாதா, கஸ்தூரிச் சாந்து வேறு எதற்கு? அலங்கரித்து விட்டவர்களைக் குறை சொல்வதுபோல அவளைக் கொஞ்சுகிறான். உனக்கு இதெல்லாம் மிகை என்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கஸ்தூரி மிகை என்று சொன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இடம் அந்திமாலைச் சிறப்புச்செய் காதை. கோவலன் மாதவி வீட்டுக்குப் போய்விட்டான். கண்ணகி எதையெல்லாம் விட்டுவிட்டாள் என்று ஒரு பட்டியல் வருகிறது. காலில் சிலம்பு இல்லை. இடையில் மேகலை இல்லை. மார்பில் குங்குமக் குழம்பு இல்லை. மங்கல அணி தவிர வேறு நகை இல்லை. காதில் குழை இல்லை, கண்ணில் மை இல்லை, நெற்றியில் திலகம் இல்லை. கடைசியாகக் கூந்தலில் நெய் இல்லை. நெய் என்றால் வாசனை ஏற்றிய எண்ணெய்.

இதை எல்லோரும் பிரிவின் துயரம் என்று ஒரு வார்த்தையில் கடந்துபோய்விடுகிறார்கள். ஆனால் வாக்கிய அமைப்பைக் கவனியுங்கள். குங்குமம் எழுதாதது கண்ணகி. நகையை விரும்பாதது கண்ணகி. ஆனால் மையை மறந்தது கண். நெய்யை மறந்தது கூந்தல். எழுவாய் அவளிடமிருந்து நழுவி உறுப்புகளுக்குப் போகிறது. நடுவில் ஒரு குறும்பும் உண்டு. அவளுடைய வெள்ளைச் சிரிப்பை இழந்தது அவள் இல்லையாம், கோவலனாம். ஒரு பெண் தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடுவது ஒரே நாளில் எடுக்கும் முடிவு கிடையாது. இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம் என்று தள்ளித் தள்ளி ஒருநாள் பார்த்தால் முடி காய்ந்து கிடக்கும். மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு இது தெரியும். தலை சீவாமல் நான்கு நாள் படுத்துக் கிடந்தவர்களிடம் கேளுங்கள், "நான் சீவவில்லை" என்று சொல்ல மாட்டார்கள், "சீவவே தோணலை" என்பார்கள். கூந்தல் மறந்தது என்பது அந்த இலக்கணம்தான்.

இன்னொன்று. பட்டியல் காலில் தொடங்கித் தலையில் முடிகிறது. முதலில் சிலம்பு, கடைசியில் கூந்தல். இது பிறகு வேண்டியிருக்கும்.

மூன்றாவது இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கடலாடு காதை. இந்திர விழா முடிந்துவிட்டது. கோவலன் ஊடலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை மகிழ்விக்க மாதவி தலை குளிக்கிறாள். தமிழில் இவ்வளவு விரிவான தலைக்குளியல் பழைய நூல் வேறெதிலும் நான் பார்த்ததில்லை. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீர். எண்ணெய் தேய்த்த கூந்தலை அதில் அலசுகிறாள். பிறகு புகையில் உலர்த்துகிறாள். பிறகு கூந்தலை வகுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் கஸ்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள். எண்ணெய், அலசல், புகை, வாசனை. வரிசை மாறவில்லை. எழுதினவருக்குத் தலை குளிக்கிற முறை தெரிந்திருக்கிறது.

கூட்டினால் 47 பொருள்கள். இந்த எண்ணிக்கைப் பெருமை இன்று கடையில் விற்கும் மூலிகை எண்ணெய்ப் புட்டியின் மேலும் இருக்கிறது.

இவை என்னென்ன என்று நமக்குத் தெரிவது அடியார்க்கு நல்லாரால். அவருடைய உரையோடு உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். பத்துத் துவர் என்பவை பூவந்தி, நெல்லி, கடுக்காய், தான்றி, கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி. ஐந்து விரை என்பவை கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம். ஓமாலிகையில் இலவங்கம், ஏலம், கச்சோலம், பச்சிலை என்று நீளும். உரையாசிரியரின் இந்த வகைப் பட்டியல்களைப் புலமைச் சுமை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூவந்தி என்பது நம்ம ஊர் பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். சோப்பின் வேலையைச் செய்யும் பொருள் அதில் இருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும். மற்றவை பெரும்பாலும் பட்டையும் காயும், துவர்ப்பு மிக்கவை. அதாவது இது வெறும் வருணனை இல்லை, வேலை செய்யக்கூடிய ஒரு கலவை. கொங்குப் பக்கத்தில் எங்க பெரியம்மா அரப்பு போட்டுத் தேய்த்துவிட்டு, ஈரம் போக சாம்பிராணித் தூபத்தைக் கூடைக்குள் வைத்து முடியை மேலே விரித்துவிடுவார். புகையில் புலர்த்துவது என்றால் என்ன என்று எனக்கு உரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இப்போது கோவலனுக்குத் திரும்புவோம். கண்ணகியிடம் கஸ்தூரி மிகை என்றவன் அவன். மாதவி அவனுக்காகவே ஒவ்வொரு வகுப்பிலும் கஸ்தூரி ஊட்டுகிறாள். இளங்கோ இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு காதைகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குத்தான் உறைக்கும். கொஞ்சலில் சொல்வதற்கும் கேட்டு வாங்குவதற்கும் உள்ள தூரம் அது. மாதவியைக் குறை சொல்வதற்கு இதை எடுக்க முடியாது. ஆடற்கணிகைக்கு அந்தக் கூந்தல் தொழிற்கருவியும்தான். பராமரிக்காமல் விடும் வசதி அவளுக்கு இல்லை. கண்ணகியின் கூந்தலுக்கு நெய்யை மறக்க முடிந்தது. மாதவியின் கூந்தல் மறந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

குளித்து முடித்த மாதவிக்கு அணிகள் பூட்டுவதும் ஒரு பட்டியலாக வருகிறது. அதுவும் காலில் தொடங்கிக் கூந்தலில்தான் முடிகிறது. கண்ணகி கழற்றிய வரிசையிலேயே மாதவி பூட்டுகிறாள்.

இங்கே எனக்கு இளங்கோ மேல் ஒரு புகாரும் இருக்கிறது. மாதவியின் குளியலில் எல்லா வினைச்சொல்லும் மாதவிக்கே போகிறது. அவளே அலசினாள், அவளே உலர்த்தினாள், அவளே ஊட்டினாள். நடக்கிற காரியமா? 47 பொருளை இடித்து, ஊறவைத்து, வடிகட்டி, நீளக் கூந்தலைப் புகைக்கு மேல் பிடித்து, திருப்பித் திருப்பிக் காயவைத்து... குறைந்தது இரண்டு ஜோடிக் கைகளாவது வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கடிதம் எடுத்துப் போக வசந்தமாலை வருகிறாள். ஆனால் குளியலில் யாரும் இல்லை. நெய் மறந்த கண்ணகியிடம் "வா, தலைக்கு வச்சு விடறேன்" என்று சொல்ல அந்த வீட்டிலும் யாரும் இருப்பதாகக் காட்டவில்லை. காப்பியம் கூந்தலைத் தருகிறது, கைகளைத் தரவில்லை.

சங்கப் பாடல்கள் இந்த விஷயத்தில் தாராளம். நற்றிணை 110இல் பால் குடிக்க மறுத்துப் பந்தலுக்கு ஓடும் சிறுமியைத் துரத்தித் துரத்தி ஓய்ந்துபோகும் செவிலிகள் வருகிறார்கள். அவர்களுடைய மெலிந்து நரைத்த கூந்தலையும் போதனார் பார்த்துவிடுகிறார். பார்த்துக்கொள்கிறவர்களின் தலையையும் பார்த்த கவிஞர் அவர். புறநானூறு 279இல் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய் இன்னும் ஒரு படி மேல். முதல் நாள் போரில் அண்ணன் போனான், மறுநாள் கணவன் போனான், இன்று மீண்டும் பறை கேட்கிறது. மிச்சம் இருப்பது ஒரே மகன். அவனுடைய பரட்டைக் குடுமிக்கு எண்ணெய் தடவி நீவிவிட்டு வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். இந்தப் பாட்டை வீரத்தாய்க்கு உதாரணமாக மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அதில் பயங்கரமே அந்த எண்ணெய்தான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளைக்குச் செய்யும் காரியத்தைக் களத்துக்கு அனுப்பும் பிள்ளைக்குச் செய்கிறாள். கை பழக்கத்தில் போகிறது. எண்ணெய் தடவும் வினை இல்லாமல் அந்தப் பாட்டை எழுதியிருந்தால் நான் அதை நம்பியிருக்க மாட்டேன்.

சரி, வழக்குரை காதை. அதற்கு முன்னால் மயிர் பற்றி ஒரு சின்ன உடற்கூறு. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். வெளியே தெரியும் தண்டில் உயிர் இல்லை. வேர் மட்டும்தான் உயிர். ஆகவே இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனி 5, 6 வருஷத்துக்கு முன்னால் தலையிலிருந்து வெளியே வந்தது. எண்ணெய் வேருக்குச் சோறு போடுவதில்லை. தேங்காய் எண்ணெய் மாதிரியானவை தண்டுக்குள் கொஞ்சம் இறங்கி, அலசும்போது புரதம் கழிந்துபோவதைக் குறைக்கும். அதாவது எண்ணெய் வளர்ப்பதில்லை, இருப்பதைக் காக்கிறது. நீளக் கூந்தல் என்பது ஐந்தாறு வருஷம் யாரோ விடாமல் கவனித்துக்கொண்டதன் கணக்கு. ரீல்ஸில் முப்பது நாளில் நீளமாக்குகிறேன் என்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் சொல்வதில்லை.

கண்ணகியின் தலையை இப்படிப் பாருங்கள். நுனி, கோவலன் சில பூ போதும் என்று கொஞ்சிய காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். நடுப்பகுதி நெய் மறந்த ஆண்டுகள். வேர்ப்பக்கம் புகாரிலிருந்து மதுரை வரை நடந்த வழியின் புழுதி. இந்தக் கூந்தலோடுதான் அவள் பாண்டியன் வாசலில் வந்து நிற்கிறாள். காதையின் முடிவில் உள்ள வெண்பாக்கள் அரசன் எதைக் கண்டு தோற்றான் என்று எண்ணிச் சொல்கின்றன. உடம்பில் புழுதி, விரிந்த கருங்குழல், கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணீர். அவளைக் கண்ட அளவிலேயே தோற்றான், சொல்லைக் கேட்ட பிறகு உயிரையும் விட்டான் என்பது அங்கே உள்ள கருத்து. வழக்கு தொடங்கும் முன்பே ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. மாணிக்கப் பரலா முத்துப் பரலா என்பது இரண்டாவது சாட்சியம். முதல் சாட்சியம் அவள் தோற்றம்.

அந்திமாலைப் பட்டியலை இப்போது எடுங்கள். அங்கே முதலில் விட்டது சிலம்பு, கடைசியில் விட்டது கூந்தலின் நெய். அந்தப் பட்டியலின் இரண்டு முனைகளும்தான் மதுரை அரண்மனைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. காலில் இருந்திருக்க வேண்டியது கையில். வாரி முடித்திருக்க வேண்டியது முதுகில். அவள் தவிர்த்த மற்ற எதுவும், மை, குங்குமம், குழை, அந்தச் சபையில் பேச்சில் இல்லை. இளங்கோ திட்டமிட்டுச் செய்தாரா என்று கேட்டால் என்னிடம் சான்று கிடையாது. ஆனால் நூல் அப்படி அமைந்திருக்கிறது. வாசகன் அதைப் பார்க்காமல் போனால் நஷ்டம் வாசகனுக்கு.

ஆகவே அந்தக் கூந்தலை அவள் அரண்மனை வாசலில் வந்து அவிழ்த்ததாக நான் வாசிக்கவில்லை. அது பல ஆண்டுகளாக அவிழ்ந்துகொண்டு வந்த கூந்தல். அவிழ்த்தது முதலில் ஒரு கணவனின் அலட்சியம், கடைசியில் ஓர் அரசனின் அவசரம். சிலையில் இது வராது. வெண்கலத்துக்கு எண்ணெய் தேவைப்படாது, சிலைக்கு மனையறமும் அந்திமாலையும் கிடையாது, வழக்குரை மட்டும்தான் உண்டு.

விரிந்த கூந்தலை விடுதலை என்று எழுதும் கவிஞர்களோடு நான் முழுக்கச் சண்டைக்கு நிற்கவில்லை. அவர்கள் காரணத்தை மாற்றிக்கொண்டால் போதும். அன்றைக்குக் கணவனை இழந்தவளின் கூந்தலுக்கு என்ன நடந்தது என்று புறநானூறு சொல்கிறது. 250ஆம் பாட்டில் தாயங்கண்ணியார் காட்டும் மனைவி கூந்தல் களைந்து, வளை நீக்கி, அல்லியரிசி உண்டு அந்த வீட்டிலேயே கிடக்கிறாள். கண்ணகிக்கு முன் இருந்த வழி அது. துன்பமாலையில் அவள் அதை வாய்விட்டே மறுக்கிறாள். கணவனை இழந்து துறைதோறும் மூழ்கி நோன்பிருக்கும் பெண்களைப் போல நானும் அழிந்துபோவேனா என்று கேட்கிறாள். ஆக, விரிந்த கூந்தல் என்பது மழிக்கப்படாத கூந்தலும்கூட. பின்னலுக்கு எதிராக இல்லை அது, கத்திக்கு எதிராக நிற்கிறது. இந்த வேறுபாடு முக்கியம். பின்னல் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது நம் காலத்துத் தேர்வு. கண்ணகிக்கு முன் அந்தக் கேள்வியே இல்லை.

பாரதியின் பாஞ்சாலியை இதோடு வைத்துப் பார்க்கலாம். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வந்தது. நூலின் முடிவில் உள்ள சபதம் எல்லோருக்கும் தெரியும், துச்சாதனன், துரியோதனன் இருவரின் ரத்தமும் வேண்டும் என்கிறாள். அதில் உள்ள செயல்களின் வரிசையைப் பாருங்கள். முதலில் குழலில் பூசுவது, பிறகு வாசனை நெய்யில் குளிப்பது, பிறகு சீவுவது, பிறகு முடிப்பது. அட, இது எண்ணெய்க் குளியல்! ரத்தம் வந்து சேர்ந்ததைத் தவிர முறை அப்படியே வெள்ளிக்கிழமை முறை. பயங்கரமான ஒரு சத்தியத்தை வீட்டுப் பெண்ணின் வாரக் குளியல் வரிசையில் பாரதி வைத்திருப்பதுதான் அதை நம்ப வைக்கிறது. அவளுக்குப் போர் முடிவது தலை வாரிக்கொள்ளும் நாள். திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளத்தன்று கூந்தல் முடிப்பு நடக்கும்போது கூட்டம் அழுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பாஞ்சாலிக்கு முடிந்துகொள்ள ஒரு நாள் இருக்கிறது. கண்ணகிக்கு அப்படி ஒரு நாளை இளங்கோ வைக்கவில்லை. அவளுக்குக் கோயில் கட்டுகிறார்கள். தலை வாரிவிட்டதாக எங்கும் இல்லை.

காப்பியம் தராத கைகளை நவீனச் சிறுகதைதான் தந்தது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் வெளிவந்தபோது எழுந்த சர்ச்சை கற்பைப் பற்றியது. எனக்கு அந்தக் கதையில் நிற்பது, மகளைக் குளியலறையில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் அம்மாவின் கைகள். அந்த அம்மா சொல்லும் தத்துவத்தோடு உடன்படாதவர்களும் அந்தக் கைகளோடு சண்டை போட முடியாது.

கடைசியாக மாதவியின் வீடு. கோவலன் கொலையுண்ட செய்தி போய்ச் சேர்ந்த பிறகு, மணிமேகலையைத் தன் வழிக்குக் கொண்டுவரச் சித்திராபதி காத்திருக்கிறாள். வரந்தரு காதையில் தேவந்தி அந்தக் கதையைச் சேரன் செங்குட்டுவனுக்குச் சொல்கிறாள். மாதவி மகளைக் கூப்பிட்டாள், மாலையையும் குழலையும் சேர்த்துக் களைந்தாள், பௌத்த அறத்தில் சேர்த்தாள். இவ்வளவுதான், மிகச் சுருக்கமாக. இந்த ஒரு முறை மட்டும் கை யாருடையது என்று தெரிகிறது. பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் தெரிந்த கை, மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்காமல் முடியை எடுத்துவிடுகிறது. கண்ணகியின் கூந்தல் அளவுக்கு இதை யாரும் சிலை வைக்கவில்லை, கவிதை எழுதவில்லை. 47 பொருளையும் பெயர் சொல்லி எழுதிய அடியார்க்கு நல்லார் இந்த இடத்துக்கு என்ன எழுதியிருப்பார் என்று பார்க்கவும் வழியில்லை. வஞ்சிக் காண்டத்துக்கு அவருடைய உரை கிடைக்கவில்லை.